அம்மாவோடு திருமலை ஏற: அலிபிரியா, ஸ்ரீவாரி மெட்டா?

அம்மாவோடு இரண்டு வழியிலும் ஏறியிருக்கிறேன்.

தூரம்: அலிபிரி சுமார் 9 கி.மீ., 3,550 படிகள். ஸ்ரீவாரி மெட்டு 2.1 கி.மீ., 2,388 படிகள்.

நேரம்: அலிபிரியில் நாலு மணி நேரம்கூட ஆகும். மெட்டில் இரண்டு போதும்.

சிரமம்: மெட்டில் படிகள் விடாமல் வரும், பேச்சுக்கு மூச்சு மிஞ்சாது. அலிபிரியில் பாதி வழியில் வரும் காலி கோபுரம் வரையும், கடைசியில் மோகாளி மெட்டுப் படிகளிலும்தான் அப்படி. நடுவில் பெரும்பாலும் சமதளம், பேசிக்கொண்டே போகலாம். அம்மா படிக்குப் படி குனிந்து மஞ்சள், குங்குமம் வைத்தார். நான் கிண்ணத்தை ஏந்தியபடி பக்கத்திலேயே நடந்தேன். அந்த நிதானத்துக்கு அலிபிரிதான் இடம் தரும்.

முழங்கால் நன்றாக இருந்து, நேரம் குறைவென்றால் மெட்டு. பெரியவர்களோடு ஆற அமரப் போவதென்றால் அலிபிரி, விடியுமுன் கிளம்பிவிடுங்கள்.