வீட்டுச் சுவரில் கான்பன் பலகை: சில ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

திட்ட மேலாண்மையின் கருவிகளில் எது அலுவலகத்தைத் தாண்டி வீட்டிலும் நிலைக்கிறது என்று கேட்டால், ஒரே நேரத்தில் கையில் வைத்துக்கொள்ளும் வேலைகளுக்கு விதிக்கும் உச்சவரம்புதான் என்பேன். டொயோட்டா கார் ஆலைகளில் பொறியாளர் தாய்ச்சி ஓனோ வளர்த்தெடுத்த, வேலைகளைச் சீட்டுகளால் காட்டி நகர்த்தும் கான்பன் முறையின் உயிர்நாடியும் அதுவே. அடுத்த கட்டம் கேட்கும் அளவுக்கு மேல் முந்தைய கட்டம் எதையும் செய்து குவிப்பதில்லை.

எங்கள் வீட்டு வெள்ளைப் பலகையில் 'செய்ய வேண்டியவை', 'நடப்பவை', 'முடிந்தவை' என்ற பத்திகள் உள்ளன; ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சீட்டு. நடப்பவற்றில் மூன்று சீட்டுகளுக்கு மேல் ஒட்டக்கூடாது. காப்பீட்டுப் புதுப்பிப்பு, சொத்துவரி, நவம்பரில் அப்பா தம் மத்திய அரசு ஓய்வூதியத்துக்காகத் தர வேண்டிய ஆயுள் சான்றிதழ் ஆகிய மூன்றும் நடந்துகொண்டிருந்தால், நான்காவதைத் தொடுவதற்கு முன் ஒன்றையாவது முடித்தாக வேண்டும். பாதியில் நிற்கும் வேலைகள் மனத்தில் ஏற்றும் பாரம் இதனால் பெருமளவு குறைந்தது.

ஆனால் பட்டா மாறுதல் போன்றவற்றில் விண்ணப்பித்த பிறகு நம் கையில் எதுவும் இல்லை. அவை நடப்பவற்றிலேயே கிடந்தால் பலகை அடைத்துக்கொள்ளும். என் மனைவி சொன்ன யோசனைப்படி 'காத்திருப்பவை' என்று நான்காவது பத்தியைச் சேர்த்து, மீண்டும் விசாரிக்க வேண்டிய தேதியை ஒவ்வொரு சீட்டிலும் எழுதத் தொடங்கினோம். இந்தப் பத்தி இல்லாமல் நம் ஊரில் இந்த முறை நீடிக்காது என்பது என் உறுதியான கருத்து.

ஒன்றையொன்று சார்ந்த வேலைகளில் எந்தத் தொடர் தாமதமானால் மொத்தத் திட்டமும் தாமதமாகும் என்று கண்டறியும் முக்கியப் பாதை முறை 1957இல் டூபான்ட் நிறுவனத்தில் உருவானது; அன்றாடத்துக்கு அது தேவைப்படுவதில்லை. தங்கையின் திருமணத்துக்கு முன் வீட்டைப் புதுப்பித்தபோது மட்டும் அது பேருதவியாக இருந்தது. சுவரில் காடி வெட்டி மின்குழாய் பதித்த பின்பே பூச்சு, பூச்சுக்குப் பின் கியூரிங் (நீர் தெளித்து இறுக விடுவது), சுவர் நன்றாகக் காய்ந்த பின்பே பட்டி, அதன் பின்பே பெயிண்ட் என்ற வரிசையில் எந்தக் கண்ணி தாமதமானாலும் முகூர்த்த நாள் நெருக்கும். அலமாரிகளோ ஒரு வாரம் தள்ளிப்போனாலும் கேடில்லை. ஆகவே வீட்டார் அனைவரும் பெயிண்டின் நிறத்தை விவாதித்துக்கொண்டிருக்கையில், எலக்ட்ரீஷியன் வரும் தேதியை உறுதிசெய்வதிலேயே நான் முழுக் கவனத்தையும் வைத்தேன்.

கால மதிப்பீட்டில் மனித மனம் எவ்வளவு நம்பிக்கை மிகுந்தது என்பதை 1994இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது: ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 34 நாள் போதும் என்று கணித்த மாணவர்களுக்கு, உண்மையில் 55 நாளுக்கு மேல் ஆனது. அதனால் முடிந்த சீட்டின் பின்புறத்தில் அந்த வேலைக்கு உண்மையில் பிடித்த காலத்தை எழுதிச் சேர்த்து வைக்கிறோம். அடுத்த முறை, எவ்வளவு நாளாகும் என்று ஊகிக்காமல், சென்ற முறை எவ்வளவு ஆயிற்று என்று பார்க்கிறோம்.

வேலைகளின் காலத்தைப் பட்டைகளாகக் காட்டும் காண்ட் வரைபடமும் வேலைக்கு மதிப்பெண் இடும் வழக்கமும் சில வாரங்களிலேயே விடைபெற்றன. பெற்றோருடன் பேசுவது, பிள்ளையுடன் விளையாடுவது போன்றவற்றைச் சீட்டில் எழுதுவதில்லை என்றும் முடிவு செய்திருக்கிறோம். அவை முடித்துவிட்டு நகர்த்தும் வேலைகள் அல்ல. பெரியவர்களும் கையாளும் வீட்டுக்குச் செயலியைவிடச் சுவர்ப்பலகை ஏற்றது. குடும்பத்தினர் வெவ்வேறு ஊர்களில் இருந்தால் டிரெல்லோ போன்ற செயலி போதும், வரம்பை மட்டும் ஆளுக்கு இரண்டு என்று வைத்துக்கொள்ளலாம்.