குடியை நிறுத்த எந்த மாத்திரை: டைசல்ஃபிராமா, நால்ட்ரெக்ஸோனா?

வருடக்கணக்கில் குடித்தவருக்கு, நெற்றிக்குப் பின்னால் இருந்து 'வேண்டாம்' என்று தடுக்கும் மூளைப் பகுதி பலவீனமாகிவிடுகிறது. காலையில் செய்த சத்தியம் சாயங்காலம் காற்றில் போவது அதனால்தான். அவரைத் திட்டிப் பயனில்லை.

டைசல்ஃபிராம் ஆசையைத் தொடுவதில்லை, பயத்தை வைத்துத் தடுக்கிறது. மாத்திரை போட்டுவிட்டுக் குடித்தால், மது உடையும்போது உண்டாகும் அசிட்டால்டிஹைடு என்ற நச்சு உடம்பில் தேங்கி முகம் சிவக்கும், வாந்தியும் படபடப்பும் வரும். மாத்திரையை நிறுத்தி 14 நாள் வரைகூட இது நடக்கலாம். வீட்டில் ஒருவர் தினமும் கண்ணெதிரே கொடுத்தால் நல்ல பலன் உண்டு. ஆனால் குடிப்பவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுக்கவே கூடாது. விஷயம் தெரியாமல் அவர் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள்.

நால்ட்ரெக்ஸோன், குடியால் மூளைக்குக் கிடைக்கும் சுகத்தைக் குறைக்கிறது. ஆசை தணிவதால் முதல் கிளாஸோடு எழுந்துவிடச் சிலரால் முடிகிறது. அபின் வகை வலி மருந்து எடுப்பவர்களுக்கு இது ஆகாது.

அடியோடு விட முடிவெடுத்து, துணைக்கு ஆளும் இருந்தால் டைசல்ஃபிராம் சரி. ஆசையே பெரிய தொல்லை என்றால் நான் நால்ட்ரெக்ஸோன் பக்கம்தான். எதுவானாலும் கல்லீரல் டெஸ்ட் எடுத்து, டாக்டர் சொன்ன பிறகே தொடங்க வேண்டும்.