அலாஸ்கா உறைபனியில் ரேடார் பிரதிபலிப்பான்கள்: ஆறு குளிர்கால அனுபவம்

அலாஸ்காவின் உட்பகுதியில், டெல்டா ஜங்ஷன் ஊருக்கு வெளியே ஒரு வயலோரத்தில் நிற்கும் நான்கு மூலைப் பிரதிபலிப்பான்களைப் பராமரிக்கும் பொறுப்பை நான் ஏற்று ஆறு குளிர்காலங்கள் கடந்துவிட்டன. ஒன்றுக்கொன்று செங்குத்தாகப் பூட்டிய மூன்று முக்கோண அலுமினியத் தகடுகள்தாம் ஒரு பிரதிபலிப்பான். வந்த திசையிலேயே ரேடார் அலையைத் திருப்பி அனுப்புவதைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லை. 1.5 மீட்டர் விளிம்புடைய ஒன்று, ஐரோப்பாவின் சென்டினல்-1 ரேடார் செயற்கைக்கோளின் 5.5 சென்டிமீட்டர் அலைநீளத்தில், கணக்குப்படி ஏறத்தாழ 6,900 சதுர மீட்டர் குறுக்குப்பரப்பைக் காட்ட வேண்டும்; இது தகட்டின் உண்மையான பரப்பு அல்ல, எதிரொலியின் வலிமையைச் சொல்லும் அளவு. செயற்கைக்கோள் அனுப்பும் படத்தில் அந்தப் புள்ளி எவ்வளவு பிரகாசமாகத் தெரிகிறது என்பதை இந்த எண்ணோடு ஒப்பிட்டே கருவியின் அளவுத்திருத்தம் நடைபெறுகிறது. ஆகவே தரையில் நிற்கும் பொருளின் நிலையை நாம் தவறாக அறிந்திருந்தால், அந்தத் தவறு செயற்கைக்கோளின் கணக்கில் ஏறிவிடும். இந்த அச்சம்தான் ஆறு ஆண்டுகளாக என்னை வழிநடத்தி வருகிறது.

இப்பணிக்கு வந்தபோது, குளிரே பெரிய எதிரியாக இருக்கும் என்று எண்ணியிருந்தேன். உண்மையில் மைனஸ் 40 டிகிரியில், காற்றில்லாத நாளில், துடைத்து வைத்த தகடு மிக ஒழுங்காக நடந்துகொள்கிறது. தொல்லை தருவது நீர்; அதுவும் உறைநிலைக்குச் சற்று மேலும் கீழுமாக அலையும்போதுதான்.

இதற்குப் பிரதிபலிப்பானின் வடிவமே ஒரு காரணம். அடித்தகடு மட்டமாக இருந்தால், மூன்று தகடுகளும் சேர்ந்து நோக்கும் அச்சு அதிலிருந்து 35.3 டிகிரி உயரத்தில் அமைகிறது. செயற்கைக்கோள் எங்கள் இடத்தை ஒருமுறை கடந்து செல்வதைக் கடப்பு என்கிறோம். படுகோணம், அதாவது அலை செங்குத்துக்கோட்டிலிருந்து சாய்ந்து வரும் கோணம், 35 டிகிரியாக இருக்கும் ஒரு கடப்பின்போது செயற்கைக்கோள் அடிவானிலிருந்து 55 டிகிரி உயரத்தில் இருக்கும். எனவே அடித்தகட்டின் முன்விளிம்பைச் சுமார் 20 டிகிரி தூக்க வேண்டியிருக்கிறது. அப்படித் தூக்கியதும் மூன்று தகடுகளும் கூடும் மூலையே மிகத் தாழ்ந்த இடமாகிவிடுகிறது. பெய்யும் பனி, உருகும் நீர், காற்று கொண்டுவரும் புழுதி ஆகிய அனைத்தும் அங்கே சேர்கின்றன. மூலையில் வடிகால் துளை இருக்கிறது என்பது உண்மையே. ஆனால் முதலில் உறைந்து அடைபடுவதும் அந்தத் துளைதான். எங்கள் துளைகளை இரண்டாம் ஆண்டில் பெரிதாக்கினோம். அலைநீளத்தைவிட மிகச் சிறிய துளையால் எதிரொலி குறைவதில்லை என்பதால் அதில் தயங்க வேண்டியதில்லை.

உலர்பனி ரேடாருக்கு ஊடுருவக் கூடியது, ஆகவே அதை அப்படியே விட்டுவிடலாம் என்று சிலர் சொல்வதுண்டு. பிரகாசத்தை மட்டும் தோராயமாகப் பார்ப்பவருக்கு அது ஓரளவு பொருந்தும். ஆனால் தூரத்தை அளப்பவருக்குப் பொருந்தாது. நீரின் அடர்த்தியில் 0.3 பங்கு உள்ள பனியின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.24, அதாவது அலை அதில் அந்த மடங்கு மெதுவாகச் செல்லும். அப்படிப்பட்ட 30 சென்டிமீட்டர் பனி, ஒருவழிப் பாதையை மட்டுமே 7 சென்டிமீட்டர் நீண்டதுபோல் காட்டும்; அதாவது ஒரு முழு அலைநீளத்தையும் தாண்டிய பிழை. ஃபின்லாந்தின் மெட்சாஹோவியிலும் அண்டார்க்டிக்காவின் ஓ'ஹிக்கின்ஸ் நிலையத்திலும் நிறுவிய பிரதிபலிப்பான்களைக் கொண்டு டெர்ராசார்-எக்ஸ் செயற்கைக்கோளின் தூர அளவீட்டைச் சென்டிமீட்டர் நுட்பத்துக்குச் சோதித்திருக்கிறார்கள். அத்தகைய பணியில் ஒரு கைப்பிடிப் பனிக்கும் கணக்குச் சொல்ல வேண்டும்.

ஈரப்பனியின் கதை வேறு. அது அலையை விழுங்கிவிடுகிறது. ஏப்ரலில் பகலில் உருகி இரவில் உறையும் நாட்களில், காலைக் கடப்பை நோக்கி நிற்கும் பிரதிபலிப்பான் கண்ணைப் பறிக்கும் புள்ளியாகத் தெரிய, மாலைக் கடப்பை நோக்கி நிற்பது மங்கிக் கிடப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அந்த வாரங்களின் மாலைப் படங்களை இப்போது அளவுத்திருத்தத்துக்கு எடுத்துக்கொள்வதே இல்லை.

மூடி போடுவதைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். முதல் குளிர்காலத்தில் தார்ப்பாய் கட்டினோம். அது தொய்ந்து, தொய்வில் பனி தேங்கி, காற்றில் அடித்துக்கொண்டு ஜனவரியிலேயே கிழிந்தது. பிறகு மெல்லிய பாலிகார்பனேட் தகட்டை முன்புறத்தில் இறுக்கமாகப் பொருத்தினோம். பனி பெருமளவு வழுக்கி விழுகிறது, ஆனால் உட்புறத்தில் உறைபனித் துகள்கள் படிகின்றன. மூடியும் அலையைச் சிறிது குறைக்கும் என்பதால், மூடியோடும் மூடியின்றியும் அடுத்தடுத்த கடப்புகளில் அளந்து, வேறுபாட்டைக் குறித்து வைத்துக்கொள்ளாமல் அதைப் பயன்படுத்தக் கூடாது. இன்று இரண்டில் மட்டும் மூடி வைத்திருக்கிறேன். மற்ற இரண்டையும் கடப்புக்கு முந்தைய நாள் நேரில் சென்று மென்மையான பிரஷால் துடைக்கிறேன். பனிக்கட்டி ஒட்டியிருந்தால் அதைத் தட்டிப் பெயர்ப்பதில்லை, வெந்நீர் ஊற்றுவதும் இல்லை. அந்தக் கடப்பைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுவதே நேர்மையானது.

நான் செய்த பெரிய தவறு பூட்டும் காலத்தைப் பற்றியது. முதல் தொகுதியை அக்டோபரில், உறைநிலைக்குக் கீழே, வட்டத் துளைகள் வழியாக எஃகுச் சட்டத்தோடு இறுக்கிப் பூட்டினோம். அலுமினியம் வெப்பத்தில் எஃகைப் போல ஏறத்தாழ இருமடங்கு விரியும். கோடை வெயிலில் தகடு 45 டிகிரி கூடுதலாகச் சூடேறியபோது, 1.5 மீட்டர் நீளத்தில் அலுமினியத்துக்கு முக்கால் மில்லிமீட்டர் இடம் போதவில்லை. முக்கால் மில்லிமீட்டர் அற்பமாகத் தோன்றலாம். ஆனால் இரு முனைகளும் இறுகிய தகட்டில் அந்த மிகுதி நடுவில் 2 சென்டிமீட்டர் வரை உப்பலாக வெளிப்படும். அலைநீளத்தில் பத்தில் ஒரு பங்குக்குள் தகடு சமமாக இருக்க வேண்டிய இடத்தில் இது பெருங்குறை. துளைகளை நீள்வடிவமாக்கி, அகன்ற வாஷர் இட்டு, மரைகளில் பிடிப்பைத் தடுக்கும் பசை தடவிப் பூட்டிய பின் அந்தத் தொல்லை தீர்ந்தது.

செயற்கைக்கோளை நோக்கித் திருப்புவதில் ஒரு டிகிரி பிசகினாலும் பெரிய இழப்பு இல்லை, ஏனெனில் முக்கோணப் பிரதிபலிப்பானின் பார்வைப் பரப்பு சுமார் 40 டிகிரி அகலமுள்ளது. தகடுகளுக்கு இடையிலான செங்கோணம் ஒரு டிகிரி பிசகுவதோ மன்னிக்க முடியாதது. ஆகவே ரசமட்டத்தைவிட மூலைமட்டத்துக்கே நான் அதிக நேரம் கொடுக்கிறேன்.

அடித்தளம் இன்னும் முழுமையாகத் தீராத பிரச்சினை. இங்குள்ள வண்டல் போன்ற நுண்மண், கீழிருந்து நீரை உறிஞ்சிப் பனிக்கட்டி அடுக்குகளாக வளர்த்து, மேலே இருப்பதைத் தூக்கிவிடுகிறது. ஆழமில்லாத கான்கிரீட் மேடைகள் இரண்டு ஆண்டுகளில் சாய்ந்தன. இப்போது உறையும் ஆழத்துக்குக் கீழே இறக்கிய எஃகுக் குழாய்கள், அவற்றின் மேற்பகுதியில் கிரீஸ் தடவிய உறை, சுற்றிலும் சரளை. இருந்தும் ஒவ்வொரு ஜூனிலும் மூலைப்புள்ளியின் இடத்தைப் புதிதாக அளக்கிறேன். 1928-இல் மொன்டானாவிலிருந்து கொண்டுவந்து இப்பகுதியில் விடப்பட்ட காட்டெருமைகளின் வழிவந்த மந்தை உடம்பைத் தேய்த்துக்கொள்ளக் கம்பங்களைத் தேடி வருவதால், வேலியும் தேவைப்பட்டது. வேலிக்கு மரத்தையே பயன்படுத்தினோம். இரும்பு வேலி தானும் ஒரு பிரகாசமான புள்ளியாகிவிடும். அதே காரணத்துக்காகப் பனிவண்டியையும் அருகே நிறுத்துவதில்லை.

2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட, நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து உருவாக்கிய நிசார் ரேடார் செயற்கைக்கோளின் எல் அலைவரிசையில் அலைநீளம் 24 சென்டிமீட்டர். எங்கள் 1.5 மீட்டர் தகடுகள் அதற்குச் சுமார் 370 சதுர மீட்டர்தான் காட்டும். எனவே வரும் கோடையில் பெரிய தகடுகளுக்கு மாறுகிறோம். பெரிய மூலையில் பனியும் மிகுதியாகத் தேங்கும் என்றாலும், நீண்ட அலை பெரிய துளைகளையும் பொறுத்துக்கொள்ளும். ஆகவே இம்முறை முழுத் தகட்டையும் துளையிட்டதாகவே கேட்டிருக்கிறேன். பூட்டும் வேலையை ஜூலைக்கு வைத்திருக்கிறேன்.