பெருந்தொற்றுக் காலத்தில் விடுமுறை வீடு: பூட்டுவதா, திறந்து வைப்பதா?

என்னிடம் இரண்டு வீட்டுத் திறப்புகள் (சாவிகள்) இருக்கின்றன. ஒன்று, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருக்கும் அண்ணாவின் வீடு. அண்ணா ரொறன்ரோவில் இருக்கிறார். நல்லூர்த் திருவிழாவை ஒட்டி வருசத்தில் ஒரு மாதம் வந்து நிற்பார். மிச்ச நாட்களில் அந்த வீட்டை நாள்வாடகைக்கு விடுவது என் பொறுப்பு. மற்றது, கோப்பாயில் நடுவில் முற்றம் வைத்த சின்னம்மாவின் நாற்சார் வீட்டில் உள்ள இரண்டு பின் அறைகள். சின்னம்மா அதே வீட்டில்தான் இருக்கிறார். வந்து தங்குபவர்களுக்குக் காலையில் இடியப்பமும் சொதியும் அவர்தான் செய்து வைப்பார். எண்பது தாண்டிய அம்மம்மாவும் அவரோடு இருக்கிறார்.

கொரோனா பரவத் தொடங்கி, 2020 மார்ச் 20 மாலை 6 மணிக்கு இலங்கை முழுவதும் ஊரடங்கு போட்டார்கள். அன்று இரண்டு வீட்டிலும் ஆட்கள் இருந்தார்கள். திருநெல்வேலியில் பிரான்சிலிருந்து வந்த ஒரு கணவன் மனைவி. கோப்பாயில் கொழும்பிலிருந்து வந்த நாலு பேர் கொண்ட ஒரு குடும்பம். அந்தக் கிழமை நான் பட்ட பாட்டிலிருந்துதான் இந்த அலசல் வருகிறது. விடுமுறை விடுதிகளைப் பூட்ட வேண்டுமா என்று எல்லோரும் ஒரே கேள்வியாகக் கேட்டார்கள். என் கையில் இருந்தது இரண்டு கேள்வி. இரண்டுக்கும் ஒரே பதில் இல்லை என்பதை நான் கண்ணால் பார்த்தேன்.

வழமைபோலத் திறந்து வைப்பது

இந்தப் பக்கத்து நியாயத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. யாழ்ப்பாணத்தில் இந்தத் தொழில் பெரிய முதலாளிகளின் கையில் மட்டும் இருப்பதல்ல. யாழ்தேவி ரயில் 2014 அக்டோபரில் திரும்ப யாழ்ப்பாணம் வரைக்கும் ஓடத் தொடங்கிய பிறகு, தெற்கிலிருந்து வரும் சனத்தை நம்பிப் பல வீடுகளில் ஒரு அறை, இரண்டு அறை கூட்டிக் கட்டினார்கள். 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு நடந்ததும் எல்லாம் ஒருமுறை விழுந்தது. அதே ஆண்டு அக்டோபரில் பலாலி விமான நிலையம் திறந்து, நவம்பரில் சென்னை விமானம் வந்தபோது இனித் தப்பிவிட்டோம் என்று நினைத்தார்கள். மார்ச்சில் அந்த விமானமும் நின்றது. மறுபடி வந்தது 2022 டிசம்பரில். நடுவில் கழிந்த மாதங்களுக்கெல்லாம் கடன் தவணை இருந்தது.

இலங்கைக்கு 2018 இல் 23 லட்சம் சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள். 2021 இல் வந்தவர்கள் இரண்டு லட்சத்தையும் எட்டவில்லை. இந்த வீழ்ச்சிக்கு நடுவில் நிற்கிற ஒரு குடும்பத்திடம் போய், கொழும்பிலிருந்து ஒரு குடும்பம் வரக் கேட்கிறது, வேண்டாம் என்று சொல்லுங்கள் என்பது எவ்வளவு கஷ்டம். சின்னம்மா என்னிடம் கேட்டது இதுதான்: "வாற சனத்தை வராதேங்கோ எண்டு நான் எப்பிடி மோனை சொல்லுறது? மோட்டருக்கு எடுத்த காசு இன்னும் கட்டி முடியேல்லை."

ஆனாலும் இந்த வழியை என்னால் ஏற்க முடியவில்லை. இந்த நோயின் குணம் அப்படி. காய்ச்சலோ இருமலோ தெரிவதற்கு இரண்டு நாள் முன்பே ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றிவிடும். சிலருக்குக் கடைசி வரை எதுவும் தெரியாது. வந்தவர் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை, அவருக்கே தெரிந்திருக்காது. யாழ்ப்பாணத்தில் முதல் தொற்று வெளிப்பட்டதும் வெளிநாட்டிலிருந்து வந்து போன ஒருவரின் வருகையை ஒட்டித்தான். அவர் திரும்பிப் போன பிறகுதான் ஊருக்கே விசயம் தெரிந்தது. கொஞ்ச நாளில் யாழ்ப்பாணம் அபாய மாவட்டங்களில் ஒன்றாகிவிட்டது.

இன்னும் தெளிவான பாடம் 2021 சித்திரைப் புத்தாண்டு. அப்போது உள்நாட்டுப் பயணத்துக்குத் தடை இல்லை. சனம் நுவரெலியாவுக்கும் சொந்த ஊர்களுக்கும் அள்ளிக்கொண்டு போனது. ஏப்ரல் நடுவில் நாளுக்குச் சில நூறாக இருந்த தொற்றாளர் எண்ணிக்கை மே நடுவில் இரண்டாயிரத்தைத் தாண்டியது. புத்தாண்டுக் கொத்தணி என்று அதற்குப் பெயரே வைத்தார்கள். விடுதிகள் மட்டும்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. பேருந்து, கடைத்தெரு, உறவினர் வீட்டு விருந்து எல்லாமே சேர்ந்தது. ஆனால் தங்க இடம் திறந்திருந்தால்தான் பயணம் நடக்கும். அந்தச் சங்கிலியில் நாங்களும் ஒரு கண்ணி.

முழுதாகப் பூட்டுவது

எதிர்ப்பக்கம் இது. இதற்கு யாழ்ப்பாணத்தில் ஒரு தனிக் காரணம் இருக்கிறது. வட மாகாணம் முழுவதற்கும் ஒரே போதனா வைத்தியசாலை யாழ் நகரில் உள்ளதுதான். மன்னாரிலும் முல்லைத்தீவிலும் முடியாத நோயாளியை அங்கேதான் அனுப்புவார்கள். அங்கே கட்டில் நிரம்பினால் வடக்கில் அடுத்த கதவு இல்லை. நெடுந்தீவு போன்ற இடத்தை நினைத்துப் பாருங்கள். குறிகட்டுவானிலிருந்து படகு ஏறித்தான் போக வேண்டும். அங்கே ஒரு விடுதியில் நாலு நாள் தங்கப் போனவருக்கு மூச்சு முட்டினால், கடல் கொந்தளிக்கிற இரவில் அவரை எப்படிக் கொண்டுவருவது? தீவுகளைப் பொறுத்தவரை பூட்டத்தான் வேண்டும். இதில் எனக்கு இரண்டாம் யோசனை இல்லை.

ஆனால் "பூட்டு" என்று சொல்வது ஒரு சொல். பூட்டினால் என்ன நடக்கிறது என்பது வேறு. மார்ச் 20 அன்று அந்தப் பிரெஞ்சுத் தம்பதியை நான் எங்கே அனுப்புவது? விமானம் இல்லை, தெருவில் நடக்க முடியாது. அரசாங்கமே நாட்டில் சிக்கியவர்களின் விசாவைத் திரும்பத் திரும்ப நீட்டித்தது. விசாவை நீட்டிவிட்டுத் தங்குமிடத்தைப் பூட்டச் சொன்னால் அவர்கள் படலைக்கு வெளியே நிற்க வேண்டியதுதான். நான் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவித்துவிட்டு அவர்களை அங்கேயே இருக்க விட்டேன். நாள்வாடகையை விட்டுவிட்டு மாதக் கணக்கில் ஒரு சின்னத் தொகை பேசினோம்.

அடுத்தது, பூட்டின இழப்பை யார் தாங்குவது என்ற கேள்வி. செயலி வழியாக வீடுகளை நாள்வாடகைக்குப் பதிவு செய்துகொடுக்கும் ஏயார்பிஎன்பி நிறுவனம் 2020 மார்ச் 14 வரை செய்த பதிவுகளுக்கு விருந்தினர் முழுப் பணத்தையும் திரும்பப் பெறலாம் என்று அறிவித்தது. பயணம் செய்ய முடியாதவருக்கு அது நியாயம். ஆனால் அந்தப் பணம் வீட்டுக்காரரின் பக்கத்திலிருந்து போனது. பிறகு 25 கோடி டொலர் ஒதுக்கி, வழக்கமான இரத்து விதிப்படி அவர்களுக்குக் கிடைத்திருக்க வேண்டியதில் கால்வாசி கொடுத்தார்கள். அது செயலி வழியாக வந்த பதிவுகளுக்கு. சின்னம்மாவைப்போலத் தொலைபேசியில் சொல்லி, குறிப்புக் கொப்பியில் எழுதி நடத்துகிறவர்களுக்கு அந்தக் கால்வாசியும் இல்லை. இங்கே மத்திய வங்கி சுற்றுலாத் துறைக்குக் கடன் தவணைச் சலுகை கொடுத்தது. நல்ல காரியம். அதுவும் பதிவு, கடிதம், வங்கிக் கணக்கு எல்லாம் ஒழுங்காக வைத்திருந்தவர்களுக்குத்தான் இலகுவாகக் கிடைத்தது.

இதைவிட எனக்கு மனம் ஆறாத ஒன்று உண்டு. இரண்டு வீட்டையும் கூட்டித் துடைத்து, படுக்கை விரிப்புத் தோய்க்க வரும் அக்கா ஒருவர் இருக்கிறார். அவருக்கு நாட்கூலி. பூட்டு விழுந்த அன்றே அவருடைய வருமானமும் நின்றது. அரசாங்கம் கொடுத்த 5,000 ரூபாவோடு அவர் மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு இருந்தார். பூட்ட வேண்டும் என்று உறுதியாகப் பேசுகிற பலர் இப்படிப்பட்ட அக்காவை மனதில் வைத்துப் பேசுவதாக எனக்குத் தெரியவில்லை. அவரை விட்டுவிட்டுப் போடுகிற கணக்கு கணக்கே இல்லை.

வீட்டைப் பார்த்து முடிவெடுப்பது

மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. அதுதான் என் வழி. இதை இங்கிலாந்தில் சட்டமாகவே செய்தார்கள். 2020 மார்ச்சில் விடுமுறை வாடகை வீடுகளைப் பூட்டச் சொன்னபோதே, அத்தியாவசியப் பணியாளருக்கும் வேறு போக்கிடம் இல்லாதவருக்கும் விலக்கு வைத்தார்கள். 2021 இல் திரும்பத் திறந்தபோது இன்னும் நுணுக்கமாகப் போனார்கள். சமையலறை, குளியலறை எதையும் மற்றவரோடு பகிராத தனி வீடுகளை, ஒரே குடும்பத்தவர் தங்குவதானால், ஏப்ரல் 12 இலேயே திறக்க விட்டார்கள். ஹோட்டல்களும் வீட்டோடு சேர்ந்த விருந்தினர் அறைகளும் மே 17 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஐந்து கிழமை வித்தியாசம். யாரோடு எதைப் பகிர்கிறோம் என்பதுதான் அந்த வித்தியாசத்தின் அடிப்படை.

இந்தக் கோலை வைத்து என்னுடைய இரண்டு வீட்டையும் அளந்தால் எல்லாம் தெளிவாகிறது.

திருநெல்வேலி வீட்டுக்குத் தனிப் படலை, தனிக் குசினி, தனிக் கிணறு. திறப்பை வாசல் தூணுக்குப் பின்னால் வைத்துவிட்டுத் தொலைபேசியில் சொன்னால் போதும். முகம் பார்க்கவே தேவையில்லை. பிரெஞ்சுக்காரர் போன பிறகு அந்த வீட்டில் வைத்தியசாலையில் வேலை செய்யும் இரண்டு தாதியர் இருந்தார்கள். வீட்டில் கைக்குழந்தையும் வயதானவர்களும் இருந்ததால், கடமை முடிந்து நேரே வீட்டுக்குப் போக அவர்கள் பயந்தார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் அந்த வீட்டைப் பூட்டி வைத்திருந்தால் அது யாரைக் காப்பாற்றியிருக்கும்?

கோப்பாய் வீடு வேறு மாதிரி. விருந்தாளி பின் அறையில் படுத்தாலும், சாப்பிடுவது சின்னம்மாவின் விறாந்தையில். அம்மம்மாவின் சாய்மனைக் கதிரை இருப்பதும் அதே விறாந்தையில்தான். வருகிறவர்களை "எந்த ஊர்ப் பிள்ளையள்?" என்று கேட்டுப் பக்கத்தில் இருத்திக் கதைப்பது அவருக்குப் பெரிய சந்தோசம். நானும் அதை அந்த வீட்டின் சிறப்பாகத்தான் எல்லோருக்கும் சொல்லிவந்தேன். தொற்றுக் காலத்தில் அந்த வீட்டில் ஆபத்து வருகிற வழியும் அதுதான்.

கிணற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். அயலில் பலர் பயந்தது விருந்தாளிகள் தொடுகிற வாளிக்கும் கயிற்றுக்கும். முதல் மாதங்களில் நானும் கதவுக் குமிழ் எல்லாம் சவர்க்காரத் தண்ணீரால் துடைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான், பெரும்பாலும் இது மூச்சுக் காற்றில் பரவுவது, தொட்ட பொருளால் வருவது குறைவு என்று விளங்கியது. அப்படியென்றால் வாளியைவிடப் பயப்பட வேண்டியது ஏசி அறைக்குத்தான். வெளிநாட்டுக்காரர் கேட்கிறார்கள் என்று ஜன்னலை மூடி ஏசி பொருத்திய புதிய அறைகளில் காற்று வெளியே போக வழி இல்லை. வானம் பார்த்த முற்றமும் நாலு பக்கமும் கதவும் உள்ள பழைய நாற்சார் வீடு காற்றோட்டத்தில் இவற்றைவிட எவ்வளவோ மேல். ஆனால் முற்றம் எவ்வளவு காற்றோட்டமானாலும், பக்கத்துக் கதிரையில் இருந்து அரை மணிநேரம் கதைக்கிறவரின் மூச்சிலிருந்து அம்மம்மாவைக் காக்காது.

இந்த வழியிலும் குறை இருக்கிறது, மறைக்கக் கூடாது. தனி வீடு என்று சொல்லி ஒன்பது பேரைக் கூட்டிவந்து பிறந்தநாள் கொண்டாடுகிறவர்கள் இருப்பார்கள். படலை மூடியிருந்தால் உள்ளே நடப்பது யாருக்கும் தெரியாது. ஹோட்டலிலாவது வரவேற்பறையில் ஒரு ஆள் இருப்பார். அதனால் தனி வீட்டைத் திறப்பதானால் நான் வைக்கும் நிபந்தனைகள் இவை: ஒரே குடும்பம், இரண்டு கிழமைக்குக் குறையாமல் தங்கல், வந்த அன்றே பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் கிராம அலுவலருக்கும் அறிவித்தல். இரண்டு கிழமை என்பது நோய் உள்ளே இருந்து வெளியே தெரியக்கூடிய 14 நாள் கணக்கு. சனி, ஞாயிறு வந்து கசூரினாக் கடற்கரையில் குளித்துவிட்டுத் திங்கள் போகிறவருக்கு இந்தக் காலத்தில் இடம் இல்லை. அப்புறம், ஒருவர் போய் அடுத்தவர் வர முதல் ஜன்னல்களைத் திறந்துவிட்டு இரண்டு நாள் இடைவெளி. துடைக்க வரும் அக்கா அதற்குப் பிறகுதான் உள்ளே போக வேண்டும்.

கோப்பாய் போன்ற வீடுகளை ஆள் வராமல் பூட்டத்தான் வேண்டும். ஆனால் அப்படிப் பூட்டச் சொல்கிறவர்கள், திறந்திருக்கும் வீடுகளிலிருந்து ஒரு பங்கு எடுத்தாவது அவர்களைத் தாங்க வேண்டும். அரசாங்கம் செய்யும் என்று நான் காத்திருக்கவில்லை. அண்ணாவோடு கதைத்தேன். திருநெல்வேலி வீட்டிலிருந்து வந்த வாடகை பெரிதாக இல்லை. தாதியரிடம் நாங்கள் கறண்டுக் காசு மட்டும்தான் வாங்கினோம். ஆனாலும் மாதா மாதம் அண்ணா அனுப்பியதில் சின்னம்மாவின் மோட்டர்த் தவணைக்கு ஒரு பங்கு, துடைக்க வரும் அக்காவுக்கு ஒரு பங்கு என்று பிரித்தோம். 2021 ஆகஸ்ட் 20 இல் திரும்பவும் ஊரடங்கு வந்து அக்டோபர் 1 வரை நீண்டபோது, யாரும் யாரையும் கேட்காமலே அது ஓடியது.

அந்த ஆகஸ்டில் கொழும்புக் குடும்பம் திரும்ப அழைத்தார்கள். மாகாணம் தாண்டிப் போக விட்டதும் வரலாமா, அதே பின் அறை வேண்டும், பிள்ளைகள் அம்மம்மாவைக் கேட்கிறார்கள் என்றார்கள். நான் திருநெல்வேலி வீட்டைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சரி என்றார்கள். வந்த அன்று பின்னேரம் கோப்பாய்க்குப் போய்ப் படலைக்கு வெளியே நின்று கை காட்டினார்கள். சின்னம்மா அம்மம்மாவின் கதிரையை விறாந்தை விளிம்பு வரை இழுத்துக்கொண்டுவந்து போட்டார். "எந்த ஊர்ப் பிள்ளையள்?" என்று அம்மம்மா உரத்துக் கேட்டார்.