பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா: டாஸ் காலத்திலிருந்து இன்றுவரை

இளவரசனை ஓடவிட்டு, சட்டென்று விசையிலிருந்து விரலை எடுத்துப் பாருங்கள். அவன் அங்கேயே நின்றுவிட மாட்டான். ஓடிய வேகத்தில் கொஞ்சம் தள்ளிப்போய்த்தான் நிற்பான். எதிர்ப்பக்கம் திருப்பினால் காலை ஊன்றி, உடலை வளைத்து, அதன் பிறகே திரும்புவான். மனித உடலுக்கு எடை உண்டு என்பதை 1989-ல் வந்த 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா' என்ற கணினி விளையாட்டு இப்படி விரல் நுனியில் உணர்த்தியது. தொண்ணூறுகளில் டாஸ் இயங்குதளக் கணினியில் தொடங்கி இன்றுவரை இந்த வரிசையின் பெரிய விளையாட்டுகள் அனைத்தையும் விளையாடியிருக்கிறேன். முதல் விளையாட்டை மட்டும் இன்னும் அவ்வப்போது எடுத்து ஆடுகிறேன். அடுத்தடுத்து வந்தவற்றில் எது தேறியது, எது தேறவில்லை என்று யோசிக்கும்போதெல்லாம் நான் கையில் எடுக்கும் அளவுகோல் அந்த எடைதான்.

அதை உருவாக்கியவர் ஜோர்டன் மெக்னர். யேல் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோதே ஆப்பிள் II கணினிக்காகக் 'கராத்தேகா' என்ற சண்டை விளையாட்டை எழுதியவர். 1984-ல் ப்ரோடர்பண்ட் நிறுவனம் அதை வெளியிட்டது. அடுத்த விளையாட்டுக்காக 1985-ல் அவர் தன் தம்பி டேவிட்டுக்கு வெள்ளை உடை அணிவித்து, ஒரு வாகன நிறுத்துமிடத்தில் ஓடவும் தாவவும் சுவரில் தொற்றி ஏறவும் வைத்து வீடியோ எடுத்தார். அந்த வீடியோவைச் சட்டகம் சட்டகமாக நிறுத்திப் புகைப்படமாக்கி, உருவத்தின் விளிம்பை மையால் தீட்டி, கணினிக்குள் ஏற்றினார். ரோட்டோஸ்கோப்பிங் என்று திரைப்பட ஓவியர்கள் சொல்லும் பழைய முறைதான் அது. ஒரே ஆள் உட்கார்ந்து இதைச் செய்து முடிக்க ஆண்டுக்கணக்கில் ஆயிற்று. இசை அவருடைய தந்தை ஃபிரான்சிஸ் மெக்னர் அமைத்தது. தம்பியின் ஓட்டமும் தந்தையின் இசையும் சேர்ந்த ஒரு குடும்பப் படைப்பு என்பதை நான் மிகப் பிற்பாடுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். தெரிந்த பிறகு அந்தச் சின்ன வெள்ளை உருவத்தின் மீது இருந்த பிரியம் இன்னும் கூடியது.

இந்த அசைவு வெறும் அழகுக்காக இல்லை என்பதே முக்கியம். விளையாட்டின் விதிகள் முழுவதும் அதிலிருந்துதான் பிறக்கின்றன. ஓடிவந்து தாண்டினால் கடக்கும் தூரம் வேறு, நின்ற இடத்திலிருந்து தாண்டினால் கடக்கும் தூரம் வேறு. ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டு நடந்தால் அடிமேல் அடி வைத்துப் பள்ளத்தின் விளிம்புவரை போகலாம். ஒரு தளம் விழுந்தால் ஒன்றும் ஆகாது. இரண்டு தளம் விழுந்தால் ஓர் உயிர் குறையும். மூன்று என்றால் சாவுதான். முள் பொறியை ஓடிக் கடந்தால் உடல் துளைபடும், மெல்ல நடந்தால் தப்பிக்கலாம். இவற்றை எந்தத் திரைக்குறிப்பும் சொல்லித் தருவதில்லை. செத்துச் செத்துக் கற்றுக்கொள்ள வேண்டியதுதான். தாவுவதற்கு முன் ஓட எத்தனை தரைக்கற்கள் வேண்டும் என்று கண்ணால் அளக்கும் பழக்கம் ஒருமுறை வந்துவிட்டால் பிறகு போவதே இல்லை. பல ஆண்டு இடைவெளிக்குப் பிறகு எடுத்து ஆடும்போதும் முதல் கட்டத்தின் பள்ளங்களை விரல்கள் தாமாகவே தாண்டிவிடுகின்றன.

இவ்வளவுக்கும் மேலே ஒரு கடிகாரம். தன்னை மணக்காவிட்டால் சாவு என்று சூழ்ச்சிக்கார மந்திரி ஜாஃபர் இளவரசிக்குக் கொடுத்த கெடு அறுபது நிமிடம். அதற்குள் அவளை மீட்க வேண்டும். செத்தால் அந்தக் கட்டத்தைத் திரும்பத் தொடங்கலாம், ஆனால் போன நிமிடம் திரும்பாது. இது எவ்வளவு துணிச்சலான முடிவு! ஒருவன் முழுத் திறமையோடு ஆடினால் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் விளையாட்டை, மாதக்கணக்கில் பழக வேண்டியதாக ஆக்கியது அந்தக் கடிகாரம்தான். நான் முதன்முறை முடித்தபோது மீதமிருந்தவை சில நிமிடங்களே.

வாள்சண்டைக்கு மெக்னர் போன இடம் 1938-ல் வந்த ராபின் ஹூட் திரைப்படம். எர்ரல் ஃப்ளின்னும் பேசில் ராத்போனும் மோதும் இறுதிச் சண்டையில், இருவரும் பக்கவாட்டில் தெளிவாகத் தெரியும் சில நொடிகளை எடுத்து அசைவுகளாக்கினார். முன்னேறுதல், பின்வாங்குதல், தடுத்தல், வெட்டுதல் ஆகிய நான்கே செயல்கள். தடுத்த மறுகணம் வெட்ட வேண்டும், அந்தத் தாளம் பிடிபட்டால் போதும். மூன்றாம் கட்டத்தில் எழுந்து நிற்கும் எலும்புக்கூட்டை எவ்வளவு வெட்டினாலும் அது சாகாது. அதைப் பின்னுக்குத் தள்ளித் தள்ளி விளிம்பிலிருந்து கீழே விழவைக்க வேண்டும்.

ஆனால் என்னை இந்த விளையாட்டோடு கட்டிப்போட்டவன் காவலனும் அல்ல, ஜாஃபரும் அல்ல. நிழல் மனிதன்.

தொடக்கத்தில் மெக்னரின் திட்டத்தில் சண்டையே கிடையாது. எதிரி இல்லாமல் விளையாட்டு சப்பென்று இருப்பதாக உடனிருந்தவர்கள் சொன்னார்கள். இன்னோர் உருவத்தை வரைந்து சேர்க்கலாம் என்றால் ஆப்பிள் II-வின் நினைவகத்தில் இடமில்லை, இளவரசனின் அசைவுகளே அதை நிரப்பியிருந்தன. அப்போது அவர் கண்டுபிடித்த வழி இது: இளவரசனின் படத்தையே ஒரு புள்ளி நகர்த்தி, அதே படத்தோடு மோதவிட்டால், உடலின் உள்பக்கம் அழிந்து விளிம்புகள் மட்டும் மின்னும் ஓர் ஆவியுருவம் கிடைக்கிறது. புதிதாக எதையும் சேமிக்க வேண்டியதில்லை. இல்லாமையிலிருந்து வந்த அந்த உருவம்தான் கதையின் மையமாயிற்று. காவலர்களுக்கு இடம் பிறகுதான் கிடைத்தது.

நான்காம் கட்டத்தின் முடிவில், வந்த வழியில் திடீரென்று ஒரு கண்ணாடி நிற்கிறது. ஓடிவந்து அதற்குள் பாய்ந்தால்தான் மறுபக்கம் போக முடியும். பாயும்போது எதிர்ப்புறமாக இன்னோர் இளவரசன் வெளியேறி ஓடுகிறான், நம் உயிரும் குறைந்துபோகிறது. அடுத்த கட்டத்தில் நமக்காக இருக்கும் மருந்துக் குடுவையை அவன் முந்திக்கொண்டு குடித்துவிடுகிறான். அதற்கடுத்த கட்டத்தில் நாம் தாண்டவேண்டிய வாயிலை மூடிவிட, நாம் பாதாளத்தில் விழுகிறோம். கடைசியில் பன்னிரண்டாம் கட்டத்தில் அவன் வாளோடு எதிரே நிற்கிறான். அவனை வெட்டினால் நமக்கும் உயிர் குறைகிறது, அவனைக் கொன்றால் நாமும் சாகிறோம். வாளை உறையில் போட்டுவிட்டு அவனை நோக்கி நடக்க வேண்டும். இருவரும் ஒன்றாகிறார்கள். அதன் பிறகு வெறும் பள்ளமாகத் தெரியும் இடத்தில் ஓடினால் காலடியில் தரை தானாகத் தோன்றுகிறது. ஒரு வரி வசனம்கூட இல்லாமல் இதையெல்லாம் சொல்லியிருக்கிறார்கள். விளையாட்டின் விதியே கதையாகும் இந்த அளவுக்கு வேறெதையும் நான் அந்தக் காலத்தில் பார்த்ததில்லை.

இவ்வளவு இருந்தும் வெளிவந்தபோது விற்பனை மந்தமாகவே இருந்தது. 1989-ல் ஆப்பிள் II அந்திமக் காலத்தில் இருந்தது. 1990-ல் டாஸ், அமிகா கணினிகளுக்கான பதிப்புகள் வந்தன. ஐரோப்பாவும் ஜப்பானும் முதலில் கொண்டாடின. 1992-ல் மேக் பதிப்பு வந்த பிறகே அமெரிக்காவிலும் சூடுபிடித்தது. ஜப்பானில் சூப்பர் ஃபேமிகாம் விளையாட்டு இயந்திரத்துக்காக இருபது கட்டங்களும் இரண்டு மணி நேரக் கெடுவும் கொண்ட விரிவான பதிப்பு ஒன்றையும் செய்தார்கள். அலங்காரம் அதில் அதிகம், ஆனாலும் மூலத்தின் சிக்கனத்தைத்தான் நான் விரும்புகிறேன்.

டாஸ் பதிப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மில் பெரும்பாலோர் பார்த்தது அதைத்தான். ஒரே ஃப்ளாப்பியில் அடங்கிவிடும் என்பதால் கணினிப் பயிற்சி நிலையங்களிலிருந்து அலுவலகங்கள், வீடுகள் என்று கைமாறிக்கொண்டே இருந்தது. முதல் கட்டம் முடிந்ததும் எழுத்துகள் பொறித்த குடுவைகள் வரிசையாக நிற்கும் ஓர் அறை வரும். கையேட்டின் இன்ன பக்கத்தில், இன்ன வரியில், இன்ன சொல்லின் முதல் எழுத்து எது என்று கேட்டு, அந்த எழுத்துள்ள குடுவையைக் குடிக்கச் சொல்லும். திருட்டு நகலைத் தடுக்கும் ஏற்பாடு அது. கையேட்டைக் கண்ணால் பார்த்திராதவர்கள் அதையும் விளையாட்டின் ஒரு புதிர் என்றே நம்பி ஆடினார்கள். 'மெகாஹிட்' என்ற சொல்லை விளையாட்டைத் தொடங்கும் கட்டளையோடு சேர்த்துத் தட்டினால் ஏமாற்று வழிகள் திறக்கும் என்பது அந்நாளில் காதோடு காதாகப் பரவிய செய்தி. அது இல்லாமலும் ஷிப்ட், L விசைகளைச் சேர்த்து அழுத்தி நான்காம் கட்டம்வரை தாவலாம், ஆனால் கடிகாரம் பதினைந்து நிமிடமாகக் குறைந்துவிடும். மூன்றாம் கட்டத்திலிருந்து கண்ட்ரோல், G விசைகளைச் சேர்த்து அழுத்திச் சேமித்து வைக்கலாம். ஒலி அட்டை இல்லாத கணினியில் உள் ஸ்பீக்கரின் கீச்சொலிதான் கேட்கும். அந்தக் கீச்சொலியிலும் கதவு ஏறும் சத்தத்தையும் பலகை உடையும் சத்தத்தையும் பிரித்தறிய முடிந்தது. திரைக்கு வெளியே எங்கோ கதவு மூடத் தொடங்குவதைக் காதால் அறிந்து ஓடுவது இன்றும் எனக்குச் சிலிர்ப்பூட்டுகிறது.

1993-ல் வந்த இரண்டாம் பாகம் கண்ணுக்கு விருந்து. ஜாஃபர் இளவரசனின் உருவத்தை எடுத்துக்கொள்ள, உண்மையான இளவரசன் அரண்மனைச் சாளரத்தை உடைத்துக் கூரைகள்மேல் ஓடி, புறப்படும் கப்பலைப் பிடிக்கிறான். அந்த முதல் கட்டம் அபாரம். ஆனால் பிறகு ஒரே நேரத்தில் பலர் சூழ்ந்து தாக்குவதும், பறந்துவரும் தலைகளும், குறிப்பே இல்லாத புதிர்களும் அலுப்பூட்டின. முதல் பாகத்தில் சாகும்போது தவறு எங்கே என்று தெரியும். இதில் பல சாவுகளுக்குக் காரணமே விளங்காது. 1999-ல் வந்த முப்பரிமாண விளையாட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கேமரா ஒரு பக்கம், கால்கள் ஒரு பக்கம் இழுத்தன. அந்த எடை அதில் அறவே இல்லை.

2003-ல் யூபிசாஃப்டின் மான்ட்ரியல் கூடம் வெளியிட்ட 'தி சாண்ட்ஸ் ஆஃப் டைம்' தொடருக்கு மறுபிறப்பு. மெக்னரே அதற்குக் கதை எழுதினார். சுவரில் ஓடுவதும் தூண்களில் தாவுவதும் பழைய இளவரசனின் உடலை அப்படியே முப்பரிமாணத்துக்குக் கொண்டுவந்தன. இதைவிடப் பெரிய சாதனை, காலத்தைப் பின்னோக்கித் திருப்பும் மணல் அடங்கிய அந்தக் கட்டாரி. முதல் விளையாட்டில் காலம் ஈவிரக்கமற்ற எதிரி. இதிலோ காலம் நம் கையில் இருக்கிறது: தவறி விழுந்தால் சில நொடிகளைப் பின்னோக்கி ஓட்டலாம், மணல் இருப்பு உள்ளவரை. செத்துவிட்டால், கதை சொல்லிக்கொண்டிருக்கும் இளவரசன் அப்படி நடக்கவில்லை என்று தன்னையே திருத்திக்கொள்வான். உடன்வரும் இளவரசி ஃபாராவோடு அவன் சண்டையும் சமாதானமுமாகப் பேசிக்கொண்டே போவது நெஞ்சில் நிற்கிறது. குறை என்றால் வாள்சண்டைதான். ஒரே மாதிரியான பகைவர்கள் அலை அலையாக வந்து சலிப்பூட்டுவார்கள்.

அடுத்த ஆண்டே வந்த 'வாரியர் விதின்' இளவரசனை முரட்டுக் கோபக்காரனாக்கியது. மெக்னருக்கு அதில் பங்கில்லை. சண்டைமுறை மேம்பட்டது உண்மை. தஹாக்கா என்ற பூதம் துரத்தும் காட்சிகளில் பதற்றமும் உண்மை. ஆனால் அந்த இருண்ட தோரணையில் எனக்கு ஒட்டுதல் வரவில்லை. 2005-ன் 'தி டூ த்ரோன்ஸ்' இரண்டையும் சமன்செய்து முத்தொகுதியை நிறைவுசெய்தது. இதற்கிடையில், இந்தத் தொடரின் அடுத்த பாகமாகத் தொடங்கப்பட்ட ஒரு முயற்சி தனியே பிரிந்து 2007-ல் 'அசாசின்ஸ் கிரீட்' ஆகியது. பெற்ற பிள்ளையே தாய்த்தொடரை நிழலில் தள்ளிவிட்டது.

2008-ன் புதிய தொடக்கத்தைப் பலரும் குறைசொன்னார்கள், காரணம் அதில் சாவே கிடையாது. விழும்போதெல்லாம் உடன்வரும் தோழி எலிகா கைகொடுத்துத் தூக்கிவிடுவாள். ஓவியம் போன்ற அதன் காட்சிகளுக்காக நான் அதை நேசிக்கிறேன். ஆனால் விழுவதில் இழப்பு இல்லாதபோது தாவுவதில் அச்சமும் இல்லை. 2010-ன் 'தி ஃபர்காட்டன் சாண்ட்ஸ்' நீரை உறையவைத்துத் தாவும் ஓர் உத்திக்காக மட்டும் நினைவில் இருக்கிறது.

பிறகு நீண்ட மௌனம். 2024 ஜனவரியில் யூபிசாஃப்டின் மான்ட்பெல்லியே கூடத்திலிருந்து வந்த 'தி லாஸ்ட் கிரவுன்' அதை உடைத்தது. மீண்டும் பக்கவாட்டுப் பார்வை, மீண்டும் துல்லியமான தாவல். நாயகன் இளவரசன் அல்ல, சர்கோன் என்ற வீரன். களம் காஃப் மலை. பாரசீகத் தொன்மத்தின் சிமுர்க் பறவையை அலங்காரமாக வைக்காமல் கதையின் அச்சாணியாக்கியிருக்கிறார்கள். பாரசீக மொழியிலேயே குரல்களைக் கேட்டு ஆடலாம். பெயரில் பெர்ஷியாவைத் தாங்கிய தொடர் அதன் மொழிக்கு வந்துசேர இத்தனை காலம் ஆயிற்று. நான் அந்தக் குரலில்தான் ஆடினேன், நீங்களும் அப்படியே ஆடுங்கள். இப்போதைக்குத் திறக்காத வழியின் படத்தை வரைபடத்தில் பதித்துவைக்கும் வசதி மறதிக்காரர்களுக்கு வரப்பிரசாதம். சர்கோனின் வேகம் பழைய இளவரசனின் தயக்கத்துக்கு நேர்மாறு என்றாலும், தவறான தாவலுக்கு முள்ளில் விலைகொடுக்க வேண்டும் என்ற விதி அப்படியே இருக்கிறது. 2003-க்குப் பிறகு இந்தப் பெயரில் வந்தவற்றில் இதுவே சிறந்தது என்பேன்.

முதல் விளையாட்டை இன்று ஆட விரும்புவோருக்கு வழிகள் பல. 2012-ல் மெக்னரின் தந்தை வீட்டில் கிடந்த ஒரு பெட்டியில் பழைய டிஸ்குகளைக் கண்டெடுத்தார். அவற்றிலிருந்து மீட்ட ஆப்பிள் II மூலநிரலை மெக்னர் இணையத்தில் எல்லோரும் படிக்கும்படி வெளியிட்டார். டாஸ் பதிப்பை ரசிகர்கள் பிரித்து ஆராய்ந்து, இன்றைய கணினிகளில் நேரடியாக ஓடும் எஸ்டிஎல்பாப் என்ற வடிவத்தைச் செய்திருக்கிறார்கள். நான் இப்போது பயன்படுத்துவது அதைத்தான். ரசிகர்கள் வடிவமைத்த புதிய கட்டங்களும் அதில் ஓடும், அவற்றில் சில மூலத்தைவிடக் கடினமானவை. விசைப்பலகை கட்டாயம். கைப்பேசியின் தொடுதிரையில் ஷிப்ட் விசையைப் பிடித்தபடி விளிம்பில் அடிவைக்கும் நுட்பம் கைக்கு வருவதில்லை. முதல் முறை ஆடுகிறவர்கள் கடிகாரத்தை மறந்துவிட்டு, ஒவ்வொரு கட்டமாக வழியை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். பிறகு அறுபது நிமிடக் கெடுவோடு தொடங்குங்கள். ஐந்தாம் கட்டத்தில் நிழல் குடித்துவிடும் அந்தக் குடுவைக்காக ஓடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.