சிலிண்டர் இல்லாமலேயே 30 காட்டிய முள்

“நீங்கள் கையை வீசிக்கொண்டு வாருங்கள், எல்லாமே இங்கு இருக்கிறது” என்று ஸ்கூபா டைவிங் மையத்தார் முன்பதிவின்போது எழுதியிருந்தார்கள். அந்த வரியை நம்பி, சிலிண்டர் காற்றை மூச்சுக்கு ஏற்ற அழுத்தத்தில் வாய்க்குத் தரும் என் ரெகுலேட்டரையும், ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடும் டைவ் கம்ப்யூட்டரையும் அலமாரியிலேயே விட்டுவிட்டு, மாஸ்க்கை மட்டும் துணிகளுக்கு நடுவே செருகிக்கொண்டு கிளம்பினேன். பையின் எடையை மிச்சம் பிடித்துவிட்டதாக ஒரு பெருமிதம் வேறு. மிச்சமானது மூன்று கிலோகூட இருக்காது. வாடகைக் கருவிகளை நம்பி ஸ்கூபா பயணம் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பையைக் கட்டுங்கள்.

போய்ச் சேர்ந்த மாலையே முன்பணம் வாங்கிக்கொண்டு ஒரு படிவத்தை நீட்டினார்கள். அதில் ஒரு வரி: ‘கருவிகளை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்.’ கருவிகள் எங்கே என்று கேட்டேன். “காலையில் நேராகப் படகுக்கு வந்துவிடும்” என்றார் மேசையில் இருந்தவர். கண்ணால் பார்க்காத பொருளுக்கு நல்ல நிலை என்று கையெழுத்துப் போட்டேன். என் மீதே எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். மற்றதெல்லாம் அவர்கள் மீது.

‘எல்லாமே’ என்பதில் டைவ் கம்ப்யூட்டர் சேராது என்பது படகில் ஏறிய பிறகு தெரிந்தது. அதற்குத் தனி வாடகையாம். படகு கிளம்பிய பிறகு என்ன பேரம் பேசுவது? சரி என்றேன். ரெகுலேட்டரை மாட்டிச் சிலிண்டரைத் திறந்ததும், உள்ளே எவ்வளவு காற்று இருக்கிறது என்று காட்டும் அழுத்தமானி 230 பார் (அழுத்தத்தின் அலகு) காட்டியது. பரவலாக வாடகைக்குக் கிடைக்கும் அலுமினியச் சிலிண்டரை ஏறத்தாழ 200 பார் வரைதான் நிரப்புவார்கள். தாராள மனதுக்காரர்கள் போலிருக்கிறது என்று மகிழ்ந்தேனே தவிர, சந்தேகம் வரவில்லை.

18 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு மூச்சோடும் கொஞ்சம் உப்புநீரும் வாய்க்குள் வந்தது. மிதவைச் சட்டையின், அதாவது பி.சி.டி.யின், பொத்தானை அழுத்தாமலேயே காற்று மெல்ல ஏறி என்னை மேலே தூக்கப் பார்த்தது. அதை வெளியேற்றுவதே வேலையாகிவிட்டது. மீன்களைப் பார்த்த நினைவே இல்லை. முள் 60க்கு இறங்கியதும் வழிகாட்டிக்குச் சைகை காட்டி மேலேறினேன். உடலில் சேர்ந்த நைட்ரஜன் மெல்ல வெளியேற 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்க வேண்டும். முள் 40ஐத் தொட்டபோது மூச்சை இழுத்தால் காற்று வர மறுத்தது. வழிகாட்டியின் மாற்று ரெகுலேட்டரை வாயில் கவ்விக்கொண்டுதான் மேலே வந்து சேர்ந்தேன்.

படகில் சிலிண்டரை மூடி, குழாயில் மிச்சமிருந்த காற்றை வெளியேற்றி, ரெகுலேட்டரைக் கழற்றினேன். எதனோடும் இணைக்கப்படாத அந்த அழுத்தமானியின் முள் 30இல் அப்படியே நின்றது. காலையில் பார்த்த 230 வெறும் 200. நீருக்கடியில் பார்த்த 40 வெறும் 10. சுற்றியுள்ள நீரழுத்தத்தைவிட ஏறக்குறைய 10 பார் கூடுதலாகக் கிடைத்தால்தான் வாயிலிருக்கும் பகுதி இலகுவாக மூச்சு தரும். என் சிலிண்டரில் மொத்தமே அவ்வளவுதான் இருந்தது. ஊழியரிடம் காட்டினேன். “அது எப்போதும் அப்படித்தான், 30ஐக் கழித்துக்கொள்ளுங்கள்” என்றார். அவருக்குத் தெரிந்திருக்கிறது!

வாடகைக் கருவி எல்லாமே மோசம் என்று சொல்ல வரவில்லை. சிலிண்டரையும், மூழ்குவதற்கு இடுப்பில் கட்டும் ஈயக் கட்டிகளையும் யாரும் விமானத்தில் தூக்கிக்கொண்டு போவதில்லை. பி.சி.டி. இடத்தை அடைக்கும்; வாடகைக்கு எடுப்பதே மேல், ஆனால் முழுக்கக் காற்றேற்றிப் பத்து நிமிடம் தரையில் போட்டு வையுங்கள்: தளர்ந்தால் ஓட்டை, திறந்த சிலிண்டரோடு இணைத்திருக்கும்போது தானாகவே இறுகினால் எனக்கு வாய்த்த அதே நோய். உடல் சூட்டைக் காக்கும் இறுக்கமான ரப்பர் உடையான வெட்சூட்டையும் வாடகைக்கு எடுக்கலாம், அதன் பூர்வீகத்தை ஆராயாமல் இருக்கும் மனம் இருந்தால். மாஸ்க் மட்டும் உங்கள் முகத்துக்குப் பொருந்திய சொந்த மாஸ்க்காக இருக்கட்டும். ரெகுலேட்டரையும் கம்ப்யூட்டரையும் இனி நான் கைப்பையிலேயே எடுத்துப் போவேன். உங்கள் ரெகுலேட்டர் திருகி மாட்டும் டின் வகையா, கவ்விப் பிடிக்கும் யோக் வகையா என்று பார்த்து, அங்குள்ள சிலிண்டர் எந்த வகை என்று முன்கூட்டியே கேளுங்கள். தேவைப்பட்டால் கைக்கடக்கமான ஓர் இணைப்பி போதும். உபரி லித்தியம் பேட்டரிகளைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும்.

அப்படியும் ரெகுலேட்டரை வாடகைக்கு எடுக்க நேர்ந்தால், சிலிண்டரில் மாட்டும் முன்பே முள் பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு இரண்டு நொடி போதுமாயிருந்திருக்கும். பிறகு, மாட்டிய சிலிண்டரைத் திறக்காமலேயே வாயில் வைத்து உறிஞ்சுங்கள். காற்று வந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். அந்த வழியாகத்தான் உப்புநீரும் வரும். கடைசியாக, சிலிண்டரைத் திறந்து முள்ளைப் பார்த்தபடியே நாலு மூச்சு இழுங்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் முள் இறங்கி ஏறினால் வால்வு முழுதாகத் திறக்கவில்லை.

இரண்டாம் நாள், கேட்டு வாங்கிய வேறு ரெகுலேட்டர் பரவாயில்லை. ஆனால் கம்ப்யூட்டரையும் மாற்றிக் கொடுத்தார்கள். நேற்றையது இன்னொரு படகில் போய்விட்டதாம். முந்தைய டைவ்களில் உடலில் தங்கிய நைட்ரஜனையும் சேர்த்துக் கணக்கிடுவதுதான் அந்தக் கருவியின் வேலை. புதிதாகக் கையில் கட்டியதோ நான் கடலையே பார்த்திராதவன் என்று நினைத்து, நீருக்கடியில் இருக்கக் கூடுதல் நேரம் தரும். வாடகைக்கு எடுத்தால் கடைசி நாள்வரை ஒரே கருவிதான் வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். நான் அன்று ஆழம் போகாமல் எல்லோருக்கும் மேலாகவே மிதந்துவிட்டு வந்தேன்.

மாலையில் முன்பணத்தைக் கேட்டபோது, முதல் நாள் ரெகுலேட்டரின் வாய்ப்பகுதி ரப்பரை நான் கடித்துக் கிழித்துவிட்டதாகச் சொன்னார்கள். அது கிழிந்தேதான் வந்தது. படம் எடுத்து வைத்திருந்தால் வாதாடியிருக்கலாம். மேசைக்காரர் ஒன்றும் பேசவில்லை. படிவத்தைத் திருப்பி ‘நல்ல நிலையில்’ என்ற இடத்தில் விரலை வைத்தார். முன்பணத்தில் ஒரு காசுகூடத் திரும்பவில்லை.

தொடர்ந்து டைவ் செய்தவர்கள், உடலில் தங்கிய நைட்ரஜன் வெளியேற, விமானம் ஏறுமுன் 18 மணி நேரமாவது பொறுக்க வேண்டும் என்பதால் மூன்றாம் நாள் காலை சும்மா படகுத்துறையில் உலாவினேன். பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெட்டியில் அதே அழுத்தமானி, முள் அதே 30இல். அன்று அதை மாட்டிக்கொள்ளவிருந்த பயணியைத் தேடிப் பிடித்துக் காட்டினேன். அவரும் முந்தைய நாள் மாலையே கையெழுத்துப் போட்டிருந்தார்.