நிலவா, கோபுரமா, முதுகோடு முதுகா: எந்தக் குழுப் பயிற்சி உதவும்?

குழுப் பயிற்சி என்றாலே கண்ணை மூடிப் பின்னால் சாய்வதும் மற்றவர்கள் தாங்கிப் பிடிப்பதும்தான் பலருக்கு நினைவு வரும். அதை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. விழுகிறவரைத் தாங்கிய அதே ஆள், மறுநாள் கூட்டத்தில் அவரைப் பேச விடுவாரா என்பதுதான் கேள்வி.

பீட்டர் ஸ்கில்மேன் உருவாக்கி டாம் வுஜெக் பரப்பிய மார்ஷ்மெல்லோ கோபுரத்துக்கு இன்று மவுசு அதிகம். 20 ஸ்பாகெட்டி (வேகவைக்காத, குச்சி போன்ற பாஸ்தா), ஒரு கெஜம் நூல், ஒரு கெஜம் டேப், 18 நிமிடம்; முடிந்தவரை உயரமாகக் கட்ட வேண்டும், உச்சியில் மார்ஷ்மெல்லோ என்ற மென்மையான மிட்டாய் நிற்க வேண்டும். பேசிப் பேசியே நேரத்தைக் கரைத்துவிட்டுக் கடைசியில் மிட்டாயை ஏற்றும்போது கோபுரம் சரியும். இடையிடையே ஏற்றிப் பார்க்கும் மழலையர் பள்ளிக் குழந்தைகள் மேலாண்மைப் பட்டதாரிகளை முந்துகிறார்கள் என்கிறார் வுஜெக். சீக்கிரம் சோதித்துப் பார்க்கும் பழக்கத்துக்கு இது நல்லது. ஆனால் இருவர் கட்ட, இருவர் வேடிக்கை பார்த்தாலும் கோபுரம் எழுந்துவிடும். செலவை மிச்சப்படுத்த ஈர்க்குச்சி கொடுக்காதீர்கள். அது ஒடியாமல் வளையும், ஆட்டமே வேறாகிவிடும்.

செலவே இல்லாதது, முதுகோடு முதுகாக உட்கார்ந்து ஒருவர் ஒரு படத்தை விவரிக்க மற்றவர் அதைப் பார்க்காமல் வரைவது. முதல் சுற்றில் கேள்வி கேட்கக்கூடாது, இரண்டாவதில் கேட்கலாம். 1951இல் லீவிட், முல்லர் இருவரும் நடத்திய ஆய்வு இதே வகை: கேள்விக்கு இடமிருந்தபோது நேரம் கூடியது, படமும் துல்லியமானது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இதைத்தான் பரிந்துரைப்பேன். அரை மணி நேரம் போதும்.

ஆண்டுக்கணக்கில் சேர்ந்து வேலை செய்தும் ஒருவர் சொல்வது மற்றவர் காதில் ஏறாத குழுவுக்கு என் தேர்வு, ஜே ஹால் வடிவமைத்த நிலவுப் பயிற்சி. நீங்கள் விண்வெளி வீரர்கள்; போய்ச் சேர வேண்டிய தாய்க்கலத்திலிருந்து 200 மைல் தள்ளி, நிலவின் வெளிச்சப் பக்கத்தில் விழுந்துவிட்டீர்கள். மிஞ்சிய 15 பொருள்களை முக்கியத்துவப்படி வரிசைப்படுத்த வேண்டும். முதலில் ஒவ்வொருவரும் தனியாக, வாய் திறக்காமல். பிறகு குழுவாக. வாக்கெடுப்பு கூடாது, சராசரி எடுக்கக்கூடாது, சண்டை வேண்டாமே என்று விட்டுக்கொடுக்கவும் கூடாது. இந்த விதிகளில்தான் பயிற்சியின் உயிர் இருக்கிறது.

நாசாவின் விடையில் ஆக்சிஜன் 1, தண்ணீர் 2, நட்சத்திர வரைபடம் 3. தீப்பெட்டி 15: காற்றில்லாத இடத்தில் எரியாது. திசைகாட்டியை ஒருவர் 3ஆவது இடத்தில் வைத்தார் என்று கொள்வோம். நிலவு முழுவதற்குமான காந்தப்புலம் அங்கே இல்லாததால் அதன் சரியான இடம் 14, வித்தியாசம் 11. இப்படி எல்லாப் பொருளுக்கும் கூட்டினால் வருவது அவருடைய மதிப்பெண்; குழுவின் வரிசைக்கும் இதே கணக்குதான். குறைவாக இருந்தால் நல்லது. கோபுரத்தின் உயரத்தை அளந்தால் யார் யாருக்குக் காதுகொடுத்தார் என்பது தெரியாது. நிலவுப் பயிற்சியில் தனி வரிசையும் குழு வரிசையும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால், அதற்கு ஒரு தடயம் எழுத்தில் கிடைக்கிறது.

குறையும் உண்டு. விடை இணையத்தில் கிடைக்கிறது, ஆகவே கைப்பேசிகளை வாங்கி வைக்க வேண்டும். மேலாளர் உள்ளே உட்கார்ந்தால் அவருடைய வரிசையே குழுவின் வரிசையாகும். அவரை வெளியே அமர்த்தி, யார் பேச்சு எங்கே வெட்டப்பட்டது என்று குறிக்கச் சொல்லுங்கள்.

முடிந்ததும் குழுவின் மதிப்பெண்ணை, தனியாக மிகச் சிறப்பாகச் செய்தவரின் மதிப்பெண்ணோடு ஒப்பிடுங்கள். அவர் குழுவைவிட முன்னே நின்றால், சரியான விடை அந்த மேசையிலேயே இருந்திருக்கிறது. மிச்ச நேரம் முழுவதையும் அவரிடம் ஒரே கேள்விக்கு ஒதுக்குங்கள்: எந்தப் பொருளில் பேச்சை நிறுத்தினீர்கள், ஏன்?